கோழிக்கு ஆகாத சத்தம்

விபத்தில் அடிபட்ட லாரிகளைப் பார்த்து இன்சூரன்ஸ்காரர்களுக்கு அறிக்கை கொடுப்பது என் தொழில். குடியிருப்பது சேலத்தில், வேலை பெரும்பாலும் நாமக்கல்லில். யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குக் கூலி. எல்லா லாரிக்கும் குறுக்கே ஒரு நாய் ஓடி வந்திருக்கும். எல்லா டிரைவரும் முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பார். நான் தலையை ஆட்டிக்கொண்டே பம்பருக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். இந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது, மீன்காரரைக்கூட நிற்க வைத்து விசாரிக்கிறேன் என்று என் மனைவிக்கு வருத்தம். மீன் கண்ணைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாரையும் விசாரிக்க மாட்டேன். காலைப் பூசை முடிந்ததும் காரின் பின்சீட்டில் என் விமானத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். விமானம் என்றால் பொம்மை விமானம், ரிமோட்டில் பறப்பது. மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கை. எடையே இல்லாத பால்சா மரத்தில், ஒரு மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து நானே ஒட்டிச் செய்தது. மூக்கில் ஒரு சின்ன எஞ்சின். உள்ளங்கையில் அடங்கிவிடும், ஆனால் ஓட ஆரம்பித்தால் மரமறுக்கிற மில் மாதிரி கத்தும். மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்ததுதான் அதற்கு எரிபொருள். திரும்பி வரும்போது என் சட்டை, கை, காரின் சீட்டு எல்லாம் விளக்கெண்ணெய் வாடை அடிக்கும்.

பறக்கவிட இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. எங்கே பார்த்தாலும் தென்னை, மரவள்ளி, கரண்டு கம்பி, செல்போன் கோபுரம். ராசிபுரம் தாண்டி நாமக்கல் போகிற வழியில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கோழிப்பண்ணைக்குப் பின்னால் வெறும் பொட்டலாக ஒரு நிலம் கிடந்தது. பண்ணைக்காரரிடம் போய்க் கேட்டேன். என் வயதுதான் இருப்பார். ஒரு கேள்வியும் கேட்காமல் "தாராளமா உடுங்க சார்" என்றார். இவ்வளவு சுலபமாக ஒருவர் சம்மதிப்பாரா என்று அதையே வெகுநாள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் பலித்த மாதிரிதான் ஆயிற்று. போன மழைக்காலம் முடிந்த சமயம், நான் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் வேலியோரமாக நடந்து வந்தார்.

"ஏனுங்க சார், ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே."

"சொல்லுங்க."

"கோழி முட்டை வெக்கிறது கொறஞ்சு போச்சுங்க. உங்க ஏரோப்பிளேன் சத்தந்தாங்க காரணம். அதுகளுக்கு மெரட்சி ஆகிப்போகுது."

கடைசி வாக்கியங்களை மட்டும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். நான் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றேன். அவ்வளவு குரல் எனக்குத் தேவையில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். கொட்டகைப் பக்கம் வெள்ளைச் சட்டையில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அது பண்ணைக்காரரின் மச்சான், அவர் மனைவியின் அண்ணன். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக போர்வெல் போடுகிறவர். பண்ணையில் பாதிப் பங்கு அவருடையது. ஞாயிறுதோறும் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

எனக்கு உடனே உறைத்தது இதுதான். என் எஞ்சின் அங்கே கத்த ஆரம்பித்து எத்தனையோ காலம் ஆகிறது. அந்தக் கோழிகள் குஞ்சாக வந்த நாளிலிருந்து அதைக் கேட்டுத்தான் வளர்ந்தன. கொட்டகைக்கு முன்புறத்து ரோட்டில் நாள் முழுக்க லாரிகள் ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. அதற்கெல்லாம் மிரளாத கோழி, வாரம் ஒருமுறை வருகிற என்னிடம் மட்டும் எதற்கு மிரள வேண்டும்? நிலத்தை மனை போட்டு விற்கப்போகிறார், என்னைக் கிளப்பப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். அளவுக்கல் ஏதாவது நட்டிருக்கிறார்களா என்று அன்றே நாலு மூலையும் நடந்து பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் இல்லை. அப்படியும் சந்தேகம் குறையவில்லை.

இந்த இடம் போனால் எனக்கு வேறு இடமில்லை. வாரத்தில் அந்த ஒரு காலைதான் நான் மனுஷனாக இருப்பது. அதை விட எனக்கு மனசில்லை. சத்தம்தானே அவருடைய சாக்கு, அந்தச் சாக்கையே பிடுங்கிவிடுகிறேன் என்று விமானத்தை மின்சாரத்துக்கு மாற்ற முடிவெடுத்தேன்.

"அவர் சொன்னதை நம்பியா இவ்வளவு செலவு பண்றீங்க?" என்றாள் மனைவி.

"நம்பாததாலதான்" என்றேன்.

மாற்றுவது என்பது எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டாரை மாட்டுகிற வேலை என்றுதான் நினைத்தேன். எஞ்சினும் எண்ணெய்த் தொட்டியும் எளிதாகக் கழன்றன. அவற்றைத் தாங்கிய முன்பக்கத்துப் பலகை விளக்கெண்ணெயில் ஊறிக் கறுத்துப் போயிருந்தது. பசை அதில் ஒட்டாது. சமையலறையிலிருந்து சோள மாவை எடுத்து அப்பி வைத்து, மாவு எண்ணெயை உறிஞ்சியதும் சுரண்டி, மறுபடி அப்பினேன். மனைவிக்கு டப்பா காலியான விஷயம் சூப் வைக்கப் போனபோதுதான் தெரிந்தது. அப்படியும் பாதிப் பலகை தேறவில்லை. அறுத்தெடுத்துவிட்டுப் புதுப் பலகை ஒட்டினேன். அதோடு பழைய எஞ்சினை மறுபடி மாட்டுகிற வழியும் அடைபட்டது.

அடுத்தது எடை. புது மோட்டார் பழைய எஞ்சினில் பாதி கனம்கூட இல்லை. இரட்டை இறக்கை விமானத்துக்கு மூக்கு குட்டை, அதில் கனம் குறைந்தால் வால் தொங்கிவிடும். பேட்டரியை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, மேலிறக்கைக்கு அடியில் இரண்டு விரல்நுனியைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பேன். வால் தாழும். மறுபடி கொஞ்சம் தள்ளுவேன். பேட்டரியை மாற்ற ஒவ்வொரு முறையும் இறக்கைகளைக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது என்பதால் வயிற்றுப் பக்கம் ஒரு சதுரத்தை அறுத்து மூடி போட்டேன். பேட்டரியை மண்சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் ஏற்றுவேன், தீப்பிடித்தால் சட்டியோடு போகட்டும் என்று. குழம்புக்கு வாங்கிய சட்டி அது. அதிலும் ஒரு பேச்சு வாங்கினேன்.

புது மோட்டாரை எனக்குப் பிடிக்கவில்லை. பழையது இருமும், திணறும், எண்ணெய் துப்பும். என்ன நினைக்கிறது என்று காதாலேயே தெரிந்துவிடும். இது ஒன்றும் சொல்லாமல் கிடந்து, விரல் பட்டால் சட்டென்று சுற்றும். வாயே திறக்காத ஆளைக் கண்டால் எனக்கு வருகிற எரிச்சல் அதைக் கண்டாலும் வந்தது.

முதல் ஞாயிறு பறக்கவிட்டேன். தரையை விட்டு எழுந்ததும் விசிறிக் காற்று மாதிரி லேசான ஓசை, அதுவும் உயரே போனதும் இல்லை. நல்ல வெயில். சிவப்பு இறக்கை திரும்பும்போது கொட்டகைக்குள் கோழிகள் கொக்கரிப்பதே எனக்குக் கேட்டது. இத்தனை காலத்தில் அன்றுதான் அதைக் கேட்டேன்.

பண்ணைக்காரர் வேகமாக வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"என்னங்க சார், சத்தத்தையே காணம்?"

"கரண்டுக்கு மாத்திட்டேன். இனிமே உங்க கோழிக்குத் தொந்தரவு இருக்காது."

அவர் முகம் வாடிப்போனது. வெயிலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பழைய எஞ்சின் எங்கீங்க? வித்துப்போட்டீங்களா?" என்று கேட்டார்.

"வீட்டுல இருக்கு. ஏன்?"

"சும்மா கேட்டனுங்க."

சும்மா யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்டது கிடைத்தும் சந்தோஷப்படாத ஆளை நான் முதல்முதலாகப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் அங்கே வேறொரு விசாரணை. மனைவி என் சட்டையை மூக்கருகே கொண்டுபோய், "எண்ணெய் வாடையே இல்ல. நிஜமா எங்க போயிட்டு வர்றீங்க?" என்றாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பண்ணைக்காரர் புதுக் காரணம் கொண்டுவந்தார். சத்தமில்லாமல் வருவதால் கோழிகள் அதைப் பருந்து என்று நினைக்கின்றனவாம், நிழலைப் பார்த்து மிரள்கின்றனவாம். கொட்டகைக்கு மேலே தகரக் கூரை, கோழியெல்லாம் கூண்டுக்குள். அது எப்படி நிழலைப் பார்க்கும் என்று கேட்டேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. "வயித்துல என்னமோ பொட்டி மாதிரி இருக்குதே, கேமராங்களா? மத்த பண்ணைக்காரங்க பாக்கச் சொன்னாங்களா?" என்றார். மூடியைத் திறந்து பேட்டரியைக் காட்டினேன். அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வாரத்துக்கு ஒரு கதை சொல்கிறவரை எனக்கு நன்றாகத் தெரியும். மோதியது நாய் என்பார், பிறகு மாடு என்பார், பிறகு எதிரே வந்த வண்டியின் வெளிச்சம் என்பார். இவர் பொய் சொல்கிறார். எதற்கு என்பதுதான் பிடிபடவில்லை. அன்றைக்கு வானத்தைப் பார்த்ததைவிடக் கொட்டகையைத்தான் அதிகம் பார்த்தேன்.

அதில்தான் கோட்டை விட்டேன். பேட்டரி இறங்கிவிட்டால் மோட்டாருக்குப் போகிற மின்சாரம் தானாக நின்றுவிடும். பழைய எஞ்சினாக இருந்தால் சத்தம் தேயும்போதே இறக்கியிருப்பேன். இது ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றது. மோட்டார் நின்றால் இரட்டை இறக்கை விமானம் அதிகம் மிதக்காது. பண்ணையின் பக்கவாட்டில், தீவன அறையைத் தாண்டி, வேலியோரமாக விமானம் இறங்கி மறைந்தது.

பண்ணைக்குள் வெளியாளை விட மாட்டார்கள். கோழிக்கு நோய் வந்துவிடும் என்று வாசலிலேயே மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துத்தான் அவர்களே போவார்கள். பண்ணைக்காரர் "நில்லுங்க சார், நான் எடுத்தாரேன்" என்று கத்திக்கொண்டு ஓடினார். அந்த ஓட்டம் விமானத்துக்காக ஓடுகிற ஓட்டமாக எனக்குத் தோன்றவில்லை. நான் வேலிக்கு வெளிப்புறமாகவே சுற்றி ஓடினேன்.

எனக்குத்தான் வழி குறைவு, முதலில் போய்ச் சேர்ந்தேன். வேலிக்கு வெளியே ஒரு குழியின் விளிம்பில் விமானம் சாய்ந்து கிடந்தது, கீழிறக்கை மட்டும் கிழிந்திருந்தது. குழி நிறைய மக்காச்சோளம். பாளம் பாளமாகக் கட்டிப்போய், பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சணம் பிடித்து, மூக்கைத் துளைக்கிற நாற்றம். மேலே பாதி மண் தள்ளியிருந்தது.

பண்ணைக்காரர் வந்து நின்றார். இருவருக்கும் மூச்சு வாங்கியது. நான் குழியைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மழையில நனைஞ்ச சோளமுங்க. வெலை மலிவாக் கெடைச்சுது. மச்சான் வேண்டாம்னாருங்க, நான் கேக்கல. காய வெச்சு அரைச்சாச் சரியாப் போயிருமின்னு நெனச்சேன். அதைத் தின்னுதான் முட்டை போச்சு."

"அப்ப என் சத்தம்?"

"மச்சான் ஏன் கொறஞ்சுதுன்னு கேட்டாரு. அந்நேரம் பாத்து உங்க எஞ்சின் கத்துச்சுங்க. வாயில வந்துருச்சு. அவரும் சரின்னுட்டாரு. அவரு வர்றப்ப எல்லாம் உங்க சத்தம் கேக்கும், எனக்கும் பேச்சுக்கு ஆச்சு. இப்ப நீங்க நிறுத்திப்போட்டீங்க. முட்டை இன்னும் ஏறல. நான் என்னத்தைச் சொல்றது? நெசம் தெரிஞ்சா அவரு பங்கைப் பிரிச்சுக்குவாருங்க. எங்க ஊட்டுல அவ அண்ணன் மூஞ்சியில முழிக்க மாட்டா, இல்லாட்டி என் மூஞ்சியில முழிக்க மாட்டா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரையும் ஒரு கணம் சந்தேகத்தோடுதான் பார்த்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"பழைய எஞ்சினையே மாட்டிட்டு வாங்க சார். நல்ல சோளத்துக்கு அலையறேன், கெடைச்சுட்டா முட்டை ஏறிக்கும். அதுவரைக்கும் போதும்."

"பாக்கலாம்" என்றேன். மாட்டுகிற எண்ணம் எனக்கு இல்லை. அடுத்தவர் பொய்க்கு நான் எதற்குச் சத்தம் போட வேண்டும்? அவருடைய மச்சான் என்னிடம் நேராகக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் அடுத்த ஞாயிறு போனேன்.

மச்சான் நேராகத்தான் வந்தார். கார்க் கதவை நான் திறப்பதற்குள் வந்து நின்றுவிட்டார். பண்ணைக்காரர் தூரத்தில், தண்ணீர்த் தொட்டியருகே, எங்களைப் பார்த்தபடி நின்றார்.

"சத்தமில்லாமப் பண்ணிப்போட்டீங்களாமா?"

"ஆமா."

"தப்புப் பண்ணீட்டீங்க சார்" என்றார், சன்னமான குரலில். "பழசையே மாட்டிருங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "முட்டை குறைஞ்சது என் சத்தத்தாலன்னுதானே சொன்னீங்க?"

"எங்க மாப்ள சொன்னாருங்க, நான் சொல்லல. பூமிக்கு அடியில தண்ணி இருக்குதான்னு பாக்கற தொழிலுங்க எனக்கு. சோளத்துல தண்ணி இருக்கறது தெரியாதுங்களா? மூட்டையில கைய உட்டப்பவே தெரிஞ்சு போச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா என்னாகும்? ரோசக்காரருங்க. 'உங்க பங்கை வாங்கிட்டுப் போங்க'ன்னுருவாரு. அப்பறம் என் தங்கச்சி ஊட்டுல நான் ஒரு வாய்த் தண்ணி குடிக்க முடியுங்களா? சொல்றதுக்கு அவருக்கு ஒரு காரணம் இருந்துச்சு. நீங்க அதைப் பிடுங்கிட்டீங்க. என்னைக் கண்டாலே இப்ப மூஞ்சியத் திருப்பிக்கறாரு."

இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு என்னை ஏதோ ஒன்றில் மாட்டிவிடுகிறார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. "கோழிக்கு இன்சூரன்ஸ் ஏதும் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இல்லீங்க சார்" என்றார். அந்த ஒரு பார்வையில் எனக்கு முகம் சூடாகிவிட்டது.

விமானத்தில் பழைய எஞ்சினை மாட்ட முடியாது, பலகையை அறுத்தாயிற்று. அந்த வாரம் கனமான ஒரு வேப்பம்பலகையில் எஞ்சினை முறுக்கி, பின்னால் எண்ணெய்த் தொட்டியைக் கட்டினேன். என்ன செய்கிறேன் என்று மனைவி கேட்டாள். முழுவதையும் சொன்னேன். "இதையாவது நம்பினீங்களே" என்றாள்.

ஞாயிறு மச்சானின் கார் வந்து நின்றதும் பொட்டலின் ஓரத்தில் இரண்டு கல்லுக்கு நடுவில் பலகையை இறுக்கி எஞ்சினைக் கிளப்பிவிட்டேன். எங்கும் போகாமல் நின்ற இடத்திலேயே அது கத்தித் தீர்த்தது. என் சட்டை முழுக்க எண்ணெய். கொட்டகைப் பக்கமிருந்து மச்சானின் குரல், எஞ்சினையும் தாண்டி எனக்குக் கேட்கிற அளவுக்கு உரக்க வந்தது.

"இந்தச் சத்தத்துல கோழி எங்க முட்டை வெக்கும், மாப்ள?"

"அதைத்தானுங்க மச்சான் நானும் சொல்றேன்" என்றார் பண்ணைக்காரர். அவர் குரலில் தெம்பு திரும்பியிருந்தது.

இப்படிச் சில ஞாயிறுகள் போயின. முதலில் பலகையில் எஞ்சின், அவர்கள் உள்ளே போன பிறகு வானத்தில் விமானம். வாழ்நாளெல்லாம் பொய்க் கதைகளைப் பிரித்துப் போட்டவன், ஒரு பொய்க்கு எண்ணெய் ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். அது எனக்கு வெட்கமாகவும் இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிறு, நான் பலகையை இறக்கும்போதே பண்ணைக்காரர் வந்துவிட்டார். மச்சான் கொட்டகை நிழலில் இருந்தார்.

"சார், இனிச் சத்தம் வேண்டாமுங்க. கோழிக்கு ஆகறதில்ல" என்றார், உரக்க. பிறகு குனிந்து, பலகையைத் தூக்க எனக்குக் கை கொடுக்கிற மாதிரி பக்கத்தில் வந்தார்.

"முட்டை ஏறிருச்சுங்களா?" என்றேன்.

"ஏறிருச்சுங்க. உங்க சத்தம் நின்னதாலதான்னு நாளைக்குச் சொல்லிக்கலாம்." சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. "சார், மச்சானுக்கு எல்லாம் தெரியுமுங்க."

நான் பலகையைப் பிடித்தபடி நின்றேன்.

"நான் அலைஞ்சும் கெடைக்காத சோளம், ஒரு லோடு, நல்லாக் காஞ்சது, ஊடு தேடி வந்து எறங்குச்சுங்க. யாரு அனுப்புனதுன்னு வண்டிக்காரன் வாயத் தொறக்கல. வண்டி திருச்செங்கோட்டு வண்டி. அவரு ஒரு வார்த்தை கேக்கல. நானும் சொல்லல. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிய வேண்டாமுங்க. சங்கடப்படுவாரு."

இதைச் சொல்லிவிட்டு வேலியோரம் போய் நின்றுகொண்டார். எண்ணெய் படாத கையால் விமானத்தை எடுத்து வைத்து, ரிமோட்டை நிமிர்த்தினேன். விமானம் ஓசையில்லாமல் எழுந்து பொட்டலைச் சுற்றியது. மச்சான் நிழலை விட்டு வெளியே வந்து, கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தார். பண்ணைக்காரரும் அவருக்குச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"சார்" என்று மச்சான் அங்கிருந்தே கூப்பிட்டார். "இப்பத்தாங்க கோழி நிம்மதியா இருக்குது."

"ஆமாங்க" என்றேன் நானும், கொஞ்சம் உரக்கவே.